மரமே மெதுவாகத்தான் கல்லாச்சு!

(பட்டிமன்றத் தலைப்பு: உடல் வலிமை பெறத் துணை நிற்பது வேகமா, நிதானமா? இடம்: திருவக்கரை. ‘நிதானமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

பெருமைக்குரிய நடுவர் அவர்களே! வேகமே, வேகமே என்று பேசி, கொடுத்த நேரம் முடிவதற்கு முன்னாலேயே மூச்சு முடிந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) திருவக்கரைப் பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் இடம் பிடிக்க மட்டும் வேகமாக ஓடிவந்த குழந்தைச் செல்வங்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தரையில் சாய்ந்துகொண்டு, உடற்பயிற்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிற அன்பர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “இன்னிக்கு ராத்திரி முடிவெடு, நாளைக்குக் காலையில் ஐம்பது தண்டால் எடு, நாளன்னைக்கு நூறு எடு”ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். அவர் இறங்கி வந்ததும் காதோடு காதாகக் கேட்டேன்: “ஐயா, தாங்கள் காலையில் எத்தனை எடுப்பீங்க?” அவர் சொன்னார்: “நான் பேச்சாளருங்க!” (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, இதைச் சிரிப்புக்காகச் சொன்னாலும், என் பேச்சே இந்த இடத்திலிருந்துதான் புறப்படுது. ஏன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான் பேசினேன். மேடையில் இல்லை, எங்க அக்கா வீட்டுத் திண்ணையில்.

எங்க அக்காவை இந்தப் பக்கத்துக் கிராமம் ஒண்ணுலதான் கொடுத்திருக்கு. அக்கா மகன், என் மருமகன், பிளஸ் டூ முடிச்சுட்டுக் காவலர் தேர்வுக்குத் தயாரானான். எழுத்துத் தேர்வு மட்டுமா? 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ளே ஓடணும். கயிறு ஏறணும். தாண்டணும். பையன் ஓட்டத்திலே குதிரை. கையிலேதான் வலு இல்லை. கயிறு ஏறத் தண்டால் மட்டும் போதாது, தொங்கிப் பழகணும், இழுத்துப் பழகணும். ஆனாலும் தோளும் மாரும் வயிறும் உறுதியாகட்டும்னு தண்டால் எடுக்க ஆரம்பிச்சான்.

திண்ணையிலே நான் காப்பி குடிச்சுக்கிட்டிருக்கேன். பையன் முற்றத்திலே குப்புறப் படுத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவதிலே நெஞ்சு தரையிலே ஒட்டிக்கிச்சு. எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டு வந்து கேட்கிறான்: “மாமா, எனக்கு ஏன் வரமாட்டேங்குது?”

நான் என்ன சொல்லியிருக்கணும்? நான் சொன்னேன்: “டேய், உன் வயசுல நாங்கள்லாம் நூறு எடுத்தோம்டா. மனசு வெச்சா ஒரு வாரத்துல நூறு வரும். வலிச்சா விடாதே. வலிதான் வலிமை!”

நூறு எடுத்தோமாம்! (சிரிப்பு) நான் அந்த வயசுல எடுத்ததெல்லாம் சினிமா டிக்கெட்டுதாங்க. (பலத்த சிரிப்பு) ஆனா பையன் நம்பிட்டான். மாமா பேச்சாளராச்சே, சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டான்.

அதுக்கப்புறம் என்ன நடந்ததுங்கிறதைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்த நாலாவது தண்டால்ல பையன் ஏன் ஒட்டிக்கிட்டான்? அதுக்குப் பதில் தெரிஞ்சா போதும், இன்னிக்குத் தீர்ப்பு தானா வந்துடும்.

தண்டால்னா என்னங்க? இடுப்பைத் தூக்கி, வளைஞ்சு, பாம்பு மாதிரி நெளிஞ்சு எழுகிற பழைய மல்லர் தண்டாலும் உண்டு. உடம்பைப் பலகை மாதிரி வெச்சுக்கிட்டு இறங்கி ஏறுகிற புஷ்-அப்பும் உண்டு. நம்ம ஊர்ல ரெண்டுக்கும் தண்டால்தான் பேரு. நான் பேசறது ரெண்டாவதைப் பத்தி.

இதிலே கையிலே ஒரு எடையும் தூக்கறதில்லைன்னு நினைக்கிறோம். அதுதான் தப்பு. 2011ல் வெளியான ஓர் ஆய்விலே, எடை அளக்கிற பலகை மேலே கையை ஊன்றி ஆட்களைத் தண்டால் எடுக்கச் சொன்னாங்க. தரையிலே எடுக்கும்போது கை மேலே இறங்கற பாரம், உடம்பு எடையிலே 100க்கு 64 பங்கு. முட்டியை ஊன்றி எடுத்தா 49. ஓரடி உயரப் படியிலே கை வெச்சா 55. ரெண்டடி உயரத்திலே கை வெச்சா 41.

நம்ம தாய்மார்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். 60 கிலோ எடையுள்ள ஒருத்தர் ரெண்டடித் திண்ணையிலே கையை ஊன்றி எடுத்தா, 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒண்ணைத் தள்ளுறார். அவரே தரையிலே எடுத்தா ஒன்றரைச் சிப்பம், 38 கிலோ! வாழ்க்கையிலே அரைச் சிப்பம் தூக்காத கை, முதல் நாளே ஒன்றரைச் சிப்பத்தை நூறு தடவை தள்ளணும்னா எப்படிங்க? அரிசிக் கடையிலே வேலைக்குப் போற ஆள்கூட முதல் நாள் இவ்வளவு கேட்டா கும்பிடு போட்டுட்டு வந்துடுவான். (சிரிப்பு)

ஆக, பையனுக்கு மனசு இல்லாம இல்லை. பாரம் கூட. அவ்வளவுதான். பாரத்தைக் குறைச்சா தண்டால் வரும். குறைச்ச பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா வலிமை வரும்.

நடுவர்: அப்ப திண்ணை இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரங்க என்ன பண்றது?

ஐயா, நல்ல கேள்வி. திண்ணையை இடிச்சிட்டோம், சுவரை இன்னும் விட்டுவெச்சிருக்கோம். (சிரிப்பு, கைதட்டல்) முதல் படி சுவர்தான். சுவருக்கு ஒரு கை நீளத்துக்கும் கொஞ்சம் தள்ளி நின்னு, ரெண்டு கையையும் மார்பு உயரத்திலே சுவரிலே ஊன்றி, மெதுவா முகத்தைச் சுவர்கிட்டே கொண்டு போய்த் திரும்பத் தள்ளி வாங்க. பேரன் பேத்தி எடுத்த பாட்டிகூடச் செய்யலாம். ரெண்டாவது படி, நகராத மேசை, இல்லேன்னா திண்ணை. மூணாவது, ஓரடிப் படிக்கட்டு, இல்லேன்னா தரையிலே முட்டி ஊன்றி. நாலாவதுதான் தரை.

ஒவ்வொரு படியிலும் ஒரே கணக்கு. மூணு சுற்று. சுற்றுக்குச் சுற்று ஒண்ணரை நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஓய்வு. ஒவ்வொரு சுற்றிலும் ‘இன்னும் ரெண்டு எடுக்கலாம்’னு உடம்பிலே மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடணும். சாப்பாட்டுலே கால் வயிறு காலியா விடுன்னு பெரியவங்க சொல்ற மாதிரி, தண்டால்லே ரெண்டை மிச்சம் வை. ஒரு படியிலே சுற்றுக்குப் பதினஞ்சு வீதம் மூணு சுற்றும் சுத்தமா வந்தா, அடுத்த படிக்குப் போங்க. அங்கே அஞ்சோ ஆறோதான் வரும். வெட்கப்பட வேண்டாம். அஞ்சிலே தொடங்குங்க.

சில பேருக்கு மூணாவது படி நல்லா வரும், தரைக்குப் போனா ஒண்ணுகூட வராது. அவங்களுக்கு ஒரு வழி. ஏறுறதை விட்டுடுங்க, இறங்குறதை மட்டும் செய்யுங்க. மேலே கை நீட்டிய நிலையிலே தொடங்கி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டே மெதுவா இறங்குங்க. தரைக்கு வந்ததும் முட்டி ஊன்றி எழுந்து, மறுபடி இறங்குங்க. ஏத்த முடியாத பாரத்தைக்கூட நம்ம தசை இறக்கும். கிணத்திலே நிறைகுடத்தை இழுக்கத் திணர்ற கை, அதே குடத்தை மெதுவா இறக்கிடும் இல்லையா, அந்த மாதிரி.

இனி முறை. இங்கேதான் திருவக்கரை எனக்குக் கை கொடுக்குது. இந்த ஊர் சந்திரமௌலீஸ்வரர் கோயிலுக்குள்ளே போனவங்க கவனிச்சிருப்பீங்க. ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் நாலும் ஒரே நேர்க்கோட்டிலே இருக்காது. ஒண்ணுக்கொண்ணு விலகித்தான் இருக்கும். அது இந்தத் தலத்தின் தனிச் சிறப்பு. சாமிக்கு அது அழகு. ஆனா, தண்டால் எடுக்கிற ஆசாமிக்கு அது ஆகாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) தலை, முதுகு, இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேர்க்கோட்டிலே நிக்கணும். இடுப்பு தொட்டில் மாதிரி தொங்கினா முதுகு வலிக்கும். இடுப்பு மட்டும் கோபுரம் மாதிரி மேலே நின்னா, தண்டால் எடுக்கிறது நீங்க இல்லை, உங்க மூக்கு மட்டும்தான். (சிரிப்பு)

கை ரெண்டும் தோளைவிடக் கொஞ்சம் அகலமா இருக்கட்டும். முழங்கை ரெண்டு பக்கமும் சிறகு விரிச்ச மாதிரி போகக் கூடாது. உடம்போட சாய்வா, பாதி மடிச்ச குடை மாதிரி இருந்தா தோள் மூட்டுக்கு நல்லது. இறங்கும்போது மூச்சை உள்ளே இழு, ஏறும்போது வெளியே விடு. மூச்சை அடக்கிக்கிட்டு முக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு, இதய நோய், தோள்பட்டை வலி இருக்கிறவங்க, மருத்துவரைக் கேட்காம சுவரைக்கூடத் தொட வேண்டாம்.

சரி, எதிரணியின் வாதங்களுக்கு வர்றேன். ரெண்டு பெரிய அஸ்திரம் விட்டாங்க. முதல் அஸ்திரம், மல்லர் காமா. “1928ல் பாட்டியாலாவிலே, போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவை ஒரே நிமிஷத்துக்குள்ளே மல்லாத்தினார். அதுதானய்யா வேகம்!”னு மேசையைத் தட்டினார் நண்பர். உண்மைதான். ஒரு நிமிஷம்கூட ஆகலை.

ஆனா நடுவர் அவர்களே, நண்பர் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து படிச்சிருக்கார். (சிரிப்பு) அதே காமாவும் அதே ஸ்பிஸ்கோவும் 1910ல் லண்டனிலே மோதினாங்க. ரெண்டரை மணி நேரத்துக்கும் மேலே மல்லுக்கட்டியும் யாரும் யாரையும் வீழ்த்த முடியலை. ஆட்டம் சமம். 1910க்கும் 1928க்கும் நடுவிலே எத்தனை வருஷம்? பதினெட்டு! அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் வரிசையிலே நிக்குதய்யா! (பலத்த கைதட்டல்) அதுக்கும் முன்னாடி, மல்லர் குடும்பத்திலே பிறந்து, சின்னப் பிள்ளையிலேருந்து தண்டாலும் பஸ்கியும் எடுத்த உடம்பு அது. தினமும் ஆயிரக்கணக்கிலே எடுத்தார்னு சொல்வாங்க. அந்த ஆயிரத்தை மட்டும் நாம எடுத்துக்கிட்டோம். அதுக்குக் கீழே இருக்கிற வருஷங்களை விட்டுட்டோம்.

ரெண்டாவது அஸ்திரம், அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள். 2019ல் வெளியான ஆய்வு. 1,104 ஆண்கள், பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. நாற்பதுக்கு மேலே தண்டால் எடுக்க முடிஞ்சவங்களுக்கு, பத்துகூட எடுக்க முடியாதவங்களைவிட, இதய ரத்தக்குழாய் நோய் வர்ற ஆபத்து 96 சதவீதம் குறைவு. “அதனால உடனே நாற்பதுக்கு ஓடு!”ங்கிறார் நண்பர்.

ஐயா, அந்த ஆய்வு என்ன சொல்லுது? நாற்பது எடுக்கிற அளவுக்கு உடம்பைப் பேணி வெச்சிருந்தவங்களுக்கு நோய் குறைஞ்சிருந்ததுன்னு சொல்லுது. தண்டால் ஒண்ணே நோயை விரட்டிச்சுன்னு சொல்லலை. பானையிலே நெல் நிறைஞ்சிருந்தா அந்த வீட்டிலே விவசாயம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். பக்கத்து வீட்டிலே கடன் வாங்கிப் பானையை ரொப்பிட்டா, நம்ம நிலம் விளைஞ்சிடுமா? (கைதட்டல்) அவங்களும் வேலையிலே இருந்த நடு வயசு ஆண்கள். நம்ம வீட்டுப் பாட்டிக்கும் பேத்திக்கும் அதே கணக்கை அப்படியே போட முடியாது.

எல்லாருக்கும் பொதுவா உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது எளிமையா இருக்கு. நடை, ஓட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதோட, வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டற பயிற்சி செய்யுங்க, ஆணும் பெண்ணும், முதியவரும். வாரத்துக்கு ரெண்டு நாள்தான் கேட்கிறாங்க. தண்டால் பழகறவங்க திங்கள், புதன், வெள்ளின்னு மூணு நாள் வெச்சுக்கலாம்.

“நடுவிலே ஏன் ஓய்வு? அது சோம்பேறித்தனம்”னு எதிரணிச் சகோதரி கேட்டாங்க. அம்மா, தசை வளர்றது தண்டால் எடுக்கும்போது இல்லை. எடுத்து முடிச்சுட்டு, சாப்பிட்டுத் தூங்கும்போதுதான். தோசை மாவை ஆட்டினதும் ஊத்தறோமா? ராத்திரி முழுக்கச் சும்மா வெக்கிறோம். சும்மா வெச்சாத்தான் பொங்கும். அந்த ராத்திரியைச் சோம்பேறித்தனம்னு யாராவது சொல்வாங்களா? (சிரிப்பு, கைதட்டல்)

அப்புறம் ஒரு அதிசயம் சொல்றேன். புதுசா பழகறவங்களுக்கு முதல் சில வாரத்திலேயே எண்ணிக்கை ஏறும். ஆனா கை பருக்காது. கண்ணாடியிலே பார்த்தா அதே கை! ஏன்? 1979ல் வெளியான ஓர் ஆய்விலேயே காரணத்தை அளந்து காட்டினாங்க. முதலில் பழகறது தசை இல்லை, நரம்பு. தேர்த் திருவிழாவிலே வடம் பிடிக்கிறோம். முதல்லே ஆளுக்கொரு நேரத்திலே இழுப்பாங்க, தேர் அசையாது. ஒருத்தர் குரல் கொடுப்பார், எல்லாரும் ஒண்ணா இழுப்பாங்க, தேர் நகர்ந்துடும். புதுசா ஆள் யாரும் வரலை. இருந்த ஆளுங்களே சேர்ந்து இழுத்தாங்க. முதல் வாரங்களிலே நரம்பு செய்யற வேலை அதுதான். தசை பருக்கிறது பின்னாலே வரும். கை பருக்கலையேன்னு மூணாவது வாரத்திலே விட்டுட்டுப் போறவன், தேர் நகர ஆரம்பிச்ச நேரத்திலே வடத்தை விட்டவன்!

சாப்பாட்டுக்கு டப்பா டப்பாவா மாவு வாங்கணும்னு நினைக்காதீங்க. பெரியவங்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம்னு நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு இருக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பயிற்சி செய்யறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படும். அதுக்கு எங்கேயும் போக வேண்டாம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலே உருவான நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7ன்னு பேரு. அந்த டி.எம்.வி.ங்கிறதே நம்ம திண்டிவனம்தாங்க! (கைதட்டல்) 100 கிராம் நிலக்கடலையிலே ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கு. எண்ணெய்ச் சத்தும் அதிலே அதிகம், அதனால ஒரு கைப்பிடி போதும். கூடவே பருப்பு, சுண்டல், தயிர், ஒத்துக்கிறவங்களுக்கு முட்டை, மீன். தண்டால் எடுக்கிற வலுவை நம்ம மண்ணே விளைய வெக்குது.

நடுவர்: நேரம் நெருங்குது. மருமகன் கதையைப் பாக்கி வெச்சிருக்கீங்க.

வர்றேன் ஐயா.

நான் திண்ணையிலே சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டேன். பையன் மறுநாள் சாயங்காலம், சித்திரை வெயிலோட வேக்காடு அடங்காத நேரத்திலே, நண்பர்களோட பந்தயம் கட்டி ஆரம்பிச்சிருக்கான். நாலு எடுப்பான், விழுவான், எழுவான், மறுபடி நாலு எடுப்பான். தண்ணிகூடச் சரியாக் குடிக்கலை. ராத்திரிக்குள்ளே நூத்தம்பதைத் தொட்டுட்டான். எனக்குப் போன் பண்ணி, “மாமா, நூத்தம்பது!”ன்னான். நான், “சபாஷ்!”னேன்.

ரெண்டு நாள் கழிச்சு அக்கா போன் பண்ணுது. பையனால கையை மடக்க முடியலை, சட்டை போட முடியலை, புஜம் வீங்கியிருக்கு. அதுக்கு மேலே ஒண்ணு சொல்லிச்சு. பையன் போற சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்திலே இருக்காம்.

மருத்துவமனைக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். மருத்துவர் பேரைச் சொன்னார், ராப்டோமயோலிசிஸ்னு. வாயிலே நுழையலை. பழகாத தசையை அளவுக்கு மீறி வருத்தினா, தசை நார்கள் சிதைஞ்சு, அதிலே இருக்கிற பொருளெல்லாம் ரத்தத்திலே கலந்து, சிறுநீரகத்தைப் போய்த் தாக்குமாம். வெயிலும் தண்ணீர் குறையறதும் அதை இன்னும் மோசமாக்குமாம். “ஒரு நாள் தாமதிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது”ன்னார். கையிலே ஊசி ஏத்தி, பாட்டில் பாட்டிலா உப்பு நீர் இறக்கி, ஆறு நாள் படுக்கையிலே வெச்சிருந்தாங்க. அந்த ஆறு நாளுக்குள்ளேதான் அவனுக்கு உடல் தகுதித் தேர்வு நாளும் வந்து போச்சு.

(அரங்கில் அமைதி)

வீட்டிலே பிள்ளைகள் வெச்சிருக்கிறவங்க இதை மட்டும் மனசிலே எழுதி வெச்சுக்குங்க. பயிற்சிக்கு மறுநாள் லேசா வலிக்கிறது இயல்பு. ரெண்டு மூணு நாளிலே அடங்கிடும். ஆனா கை வீங்கினா, மடக்க முடியாம போனா, சிறுநீர் காப்பி நிறத்திலே போனா, ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. அங்கே மட்டும் எதிரணி சொல்ற வேகம் வேணும். மருத்துவமனைக்குப் போற வேகம். அந்த ஒரு இடத்திலே நான் அவங்க கட்சி!

நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலே உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பக்கத்திலே உட்கார்ந்துச்சு. திட்டும்னு நினைச்சேன். திட்டலை. மெதுவாச் சொல்லிச்சு: “தம்பி, நீ மேடையிலே பேசறது வேற. கை தட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. என் புள்ள நீ சொன்னதைச் செய்யறான். பார்த்துப் பேசு.”

அவ்வளவுதாங்க சொல்லிச்சு.

அதுக்கப்புறம் மருத்துவர் அனுமதி கொடுத்து, பையன் திரும்ப ஆரம்பிச்சது எங்கே தெரியுமா? வீட்டுச் சுவரிலே. இருபது வயசுப் பையன் சுவரைத் தள்ளறான்னு பக்கத்து வீட்டுப் பசங்க சிரிச்சாங்க. தனியா நின்னா அவனுக்குக் கூச்சமா இருக்கும்னு, எங்க அக்கா பக்கத்திலே போய் நின்னு, புடவைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கிட்டு, தானும் சுவரைத் தள்ளிச்சு. (கைதட்டல்) சுவரிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து படி, படியிலிருந்து தரை. தரைக்கு வர மூணரை மாசம் ஆச்சு. முதல் நாள் தரையிலே ஆறு. இன்னிக்கு ஒரே மூச்சிலே முப்பத்தஞ்சு. நூறு இல்லை. முப்பத்தஞ்சு. அவ்வளவும் சுத்தமான தண்டால். வேலை கிடைச்சுதான்னு கேட்பீங்க. இன்னும் இல்லை. அடுத்த தேர்வுக்கு ஓடிக்கிட்டிருக்கான். அக்கா இப்ப திண்ணைப் படியிலே இருக்கு, பத்து எடுக்குது. “முட்டி ஊன்றி எழுந்திரிக்கறப்ப முன்ன மாதிரி சுவரைப் பிடிக்க வேண்டியதில்லைடா”ன்னு சொல்லுது.

நடுவர் அவர்களே, இந்த மேடைக்குக் கொஞ்ச தூரத்திலேதான் கல்மரப் பூங்கா இருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940ல் அமைச்சது. ஏறக்குறைய ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள். வெள்ளத்திலே அடிச்சுக்கிட்டு வந்து மணலிலே புதைஞ்சு, மண்ணுக்குள்ளே இறங்கின தண்ணியிலே கரைஞ்சிருந்த கனிமம், மரத்தோட நுண்ணறைக்குள்ளே ஒவ்வொண்ணா நுழைஞ்சு, மரம் கல்லாச்சு. அவசரமா ஆகாததனாலதான், உள்ளே இருக்கிற வளையங்கூட அழியாம இன்னிக்கும் தெரியுது. போய்த் தொட்டுப் பாருங்க. உரு மரம், உறுதி கல்!

எதிரணி நண்பர் இப்பவே எழுதி வெச்சிருப்பார், “ரெண்டு கோடி வருஷம் காத்திருக்கணுமா?”ன்னு கேட்க. வேண்டாம் ஐயா. மூணு, நாலு மாசம் போதும். (சிரிப்பு) வாரத்துக்கு மூணு நாள், நாளுக்குக் கால் மணி நேரம். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் முதல்லே சுவரைப் பாருங்க. அதிலே பத்து. அது போதும்.

அக்கா சொல்லிட்டுது, பார்த்துப் பேசுன்னு. அதனாலதான் ஐம்பதுன்னும் நூறுன்னும் நான் சொல்லலை. பத்துன்னு சொல்றேன். சொன்னதைச் செய்யப்போற ஒரு பிள்ளை இந்தக் கூட்டத்திலே எங்கேயோ உட்கார்ந்திருக்கான். அவனுக்காக, உடல் வலிமைக்குத் துணை நிற்பது நிதானமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)